டிராக்டர் பாட்டையும் கேட்க வேண்டும்

அக்காவின் காரில் ஏறினால் எந்தப் பாட்டையும் தாண்டக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஏறத் தொடங்கிய இரண்டாம் நாள், முன் இருக்கை கிடைத்த தைரியத்தில், பிடிக்காத ஒரு பாட்டின் நடுவே அடுத்த பாட்டுக்கான பொத்தானை அழுத்திவிட்டேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலையில் கண்ணை வைத்தபடியே இன்னொரு பொத்தானை அழுத்தி, நான் தாண்டிய பாட்டை முதலிலிருந்து போட்டார். ஏற்கனவே இரண்டு நிமிடம் கேட்டிருந்தோம். ஆக, அந்த இரண்டு நிமிடமும் எனக்குத் தண்டனை.

பின் இருக்கையிலிருந்து செல்வராசா அண்ணை ரகசியம் போலச் சொன்னார்: “தம்பி, நானும் வந்த புதுசில இதைத்தான் செய்தனான்.”

நான் தாண்டப் பார்த்தது டிராக்டர் பாட்டு. ஒரு விவசாயி தன் பழைய டிராக்டரை விற்பதற்கு முன்னால் அதனிடம் ஆறு நிமிடம் மன்னிப்புக் கேட்பான். அந்தக் குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் ஏழாவது பாட்டு. இன்றைக்கும் எனக்கு அது முழுதாக மனப்பாடம். என் கல்யாணத்தில் ஓதிய மந்திரம்கூட அத்தனை தடவை என் காதில் விழுந்ததில்லை.

இதெல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. கோயம்புத்தூரிலிருந்து கனடா வந்து மில்லிக்கனில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தேன். வேலை கிடைத்ததோ மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மருந்துக் கிடங்கில். கணினிப் பிரிவு. என்னிடம் கார் இல்லை, ஓட்டும் உரிமமும் இல்லை. மூன்று பஸ் மாறிப் போனால் இரண்டரை மணி நேரம். இரண்டாவது வாரமே வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு அறைப் பலகையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் கையால் எழுதிய ஒரு தாள் தென்பட்டது. மில்லிக்கனிலிருந்து கார் வருகிறது, ஓர் இடம் இருக்கிறது, காலை ஆறு மணி, பிளாசா பார்க்கிங்கில், பல் வைத்தியர் போர்டுக்கு முன்னால்.

அப்படித்தான் அக்கா எனக்குத் தெரிய வந்தார். கிடங்கில் மருந்துப் பெட்டிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேலே சாலை தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு குஷனைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுவார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். 401 நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் சிலுவை போட்டுக்கொள்வார். அந்தக் கை அப்படியே இறங்கிப் பாட்டைப் போடும். பின் இருக்கையில் செல்வராசா அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அவருக்குக் காரில் பழைய சினிமாப் பாட்டு கேட்க ஆசை. நாலு வருடமாக அந்த ஆசை நிறைவேறவில்லை.

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், உள்ள மிச்சத்தையும் ஏன் எழுதவில்லை என்று கேட்கக்கூடியவர்.

என்னை அவர் ‘நீர்’ என்றுதான் அழைப்பார். முதல் வாரம் எனக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் நாடகத்து ராஜாதான் அப்படிப் பேசுவார். ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே இவர்களிடம் இன்னொரு படி இருக்கிறது, பாசமாக அதில் என்னை உட்கார வைத்திருக்கிறார் என்று புரிய ஒரு மாதமானது.

பாட்டுகள் எல்லாம் ‘கன்ட்ரி’ என்கிற மேற்கத்திய நாட்டுப்புறப் பாட்டுகள். அதிலும் ஒரே குழு. ஆல்பர்ட்டா மாகாணத்துக்காரர்கள் நான்கு பேர், இரண்டு அண்ணன் தம்பிகளும் அவர்களுடைய இரண்டு மச்சான்களும். எல்லோருக்கும் அறுபது தாண்டியிருக்கும். எங்கள் காரில் அவர்களுக்குப் பெயர் ‘பெடியள்’, அதாவது பையன்கள். “பெடியள் இண்டைக்குச் சோகமா இருக்கிறாங்கள்” என்று அக்கா சொன்னால், அன்றைக்கு நான்காவது ஆல்பம் என்று அர்த்தம். மொத்தம் எட்டு ஆல்பம். அட்டைகூடக் கசங்காமல் எட்டும் காரின் முன்பெட்டியில் வரிசையாக இருக்கும். காலையில் போகும்போது ஒன்று, மாலையில் வரும்போது ஒன்று. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, இருந்த வரிசையில். வீடு வந்துவிட்டால், மிச்சத்தை மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து கேட்க வேண்டும்.

ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்று கேட்டேன். கனடா வந்த புதிதில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொதி கட்டினாராம். அங்கே மேற்பார்வையாளர் மேசையில் ஒரு ரேடியோ நாள் முழுக்கக் கன்ட்ரி பாடும். பள்ளிக்கூட ஆங்கிலம் அக்காவுக்கு எழுத வந்தது, ஆனால் இங்குள்ளவர்கள் பேசுவது காதில் பிடிபடவில்லை. இந்தப் பாடகர்கள் மட்டும் மெதுவாகப் பாடினார்கள், ஒரு கதையைத் தொடங்கினால் முடித்தார்கள். தான் பேசுவது அங்கே படித்த ஆங்கிலம்தான் என்றார். அதனால் பல் வைத்தியரிடம் போனபோது, பக்கத்துப் பல் விழுந்து தனியாக நின்ற பல்லைக் காட்டி, அது ‘லோன்சம்’ ஆக, தனிமையில் வாடிக்கொண்டு, இருக்கிறது என்று சொன்னாராம். வைத்தியர் சிரித்து முடிக்கும் வரை வாயைத் திறந்தபடியே காத்திருந்தாராம்.

பாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நாளில் தெரிந்தது, அவர் எதையுமே பாதியில் விடமாட்டார். தரைவிரிப்புச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால், நாமெல்லாம் முதல் வரியிலேயே வைத்துவிடுவோம். அக்கா பதினைந்து நிமிடம் முழுவதையும் கேட்டுவிட்டு, தன் வீட்டில் தரைவிரிப்பே இல்லை என்று மரியாதையாகச் சொல்வார். சாப்பாட்டு அறையில் அவர் மேசையில்தான் எப்போதும் கூட்டம். பிலிப்பைன்ஸ்காரர், கயானாக்காரர், எல்லோரும் தங்கள் வீட்டுக் கதையை அவரிடம் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவர் ஒன்றும் ஆலோசனை சொல்வதில்லை. கதை முடியும் வரை சாப்பாட்டு டப்பாவை மூடாமல் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

தவக்காலம் வந்தது. நாற்பது நாள் பாட்டு இல்லை என்றார் அக்கா. செல்வராசா அண்ணை அன்றைக்கு எனக்குக் காப்பி வாங்கித் தந்து கொண்டாடினார். முதல் வாரம் நிம்மதியாகப் போயிற்று. இரண்டாவது வாரம், காருக்குள் வைப்பரின் சத்தமும் அண்ணையின் பெருமூச்சும் மட்டும் கேட்டன. மூன்றாவது வாரம் ஒரு காலை, லாரிகளுக்கு நடுவே அசையாமல் நின்றுகொண்டிருந்தபோது, அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆண்டவர் கோபிக்காவிட்டால் அந்த டிராக்டரையாவது போடலாமே என்றார். அக்கா போடவில்லை. ஆனால் அன்றைக்கு மிசிசாகா வரைக்கும் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்த வருடம் கோடையில்தான் பெடியள் தங்கள் சிறந்த பாட்டுகளைத் தொகுத்து ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். இருபது பாட்டு. பதினெட்டு பழையவை, இரண்டு புதியவை. கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் செல்வராசா அண்ணை. அக்காவின் பிறந்தநாளைக்குப் பரிசு என்று சொல்லி, மினுக்குத் தாளில் சுற்றி முன் இருக்கைக்கு நீட்டினார். அதில் டிராக்டர் இல்லை என்பதை அவர் கடையிலேயே உறுதி செய்திருந்தார்.

அக்கா சிவப்பு விளக்கில் காரை நிறுத்தித் தாளைப் பிரித்தார். பின்னட்டையை மேலிருந்து கீழே வரை, அச்சகத்தின் பெயர் உட்பட, படித்தார். நன்றி சொன்னார். பிறகு, “இது வாங்கத் தேவையில்லாத சாமான் அண்ணை” என்று சொல்லிவிட்டு, அதை என் மடியில் வைத்தார்.

அதிலிருந்து மூன்று வாரம் காரில் இதே வழக்குத்தான் ஓடியது. அண்ணையின் வாதம் எளிமையானது. மனிதனுக்கு நேரம் குறைவு. எட்டு ஆல்பத்தில் நூறு பாட்டு இருந்தால், அதில் எண்பது சும்மா இட்டு நிரப்பியது. யாரோ ஒருவர் நமக்காக உட்கார்ந்து உமியை ஊதிவிட்டு அரிசியைத் தருகிறார், அதை வேண்டாம் என்பது திமிர். அக்கா அதற்கு ஒவ்வொன்றாகப் பதில் வைத்திருந்தார். அந்த இரண்டு புதுப் பாட்டும் தூண்டில் புழு, எட்டும் வைத்திருப்பவர்களை ஒன்பதாவதை வாங்க வைக்க. ரேடியோவுக்காக வெட்டிய பாட்டுகளைத்தான் போட்டிருக்கிறார்கள், நேரத்தைக் கூட்டிப் பார்த்தாலே தெரிகிறது. முக்கியமாக, அந்தச் சோகப் பாட்டுக்குப் பின்னால் வரவேண்டிய ஆட்டப் பாட்டை அதற்கு முன்னால் தூக்கிப் போட்டால், ஆடிவிட்டு அழ வேண்டும். அது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார்.

கடைசியில் இருவரும் சேர்ந்து என்னை நீதிபதி ஆக்கினார்கள். நான் புதியவன், எனக்குப் பக்கச்சார்பு இல்லை என்று. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேஸ்மென்டில் மடிக்கணினியில் போட்டுக் கேட்டேன். உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருந்தது. ஏழு பாட்டு வரை எழுந்திருக்கவே தோன்றவில்லை. எட்டாவதிலிருந்து திகட்டத் தொடங்கியது. பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றால் எப்படி இருக்கும், அப்படி. மறுநாள் காரில் தீர்ப்புச் சொன்னேன்: பெடியளைத் தெரியாதவர்கள் வாங்கலாம், தெரிந்தவர்களுக்கு வேண்டியதில்லை. இருவருக்குமே திருப்தியில்லை. அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அதில எது இல்லை எண்டு பார்த்தனீரோ?”

நான் பார்க்கவில்லை. டிராக்டர் இல்லை என்றுதான் தெரியும்.

அந்தக் கேள்விக்கு விடை பனிக்காலத்தில் வந்தது. அன்றைக்குச் செல்வராசா அண்ணை காய்ச்சலில் வரவில்லை. மாலையில் நானும் அக்காவும் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தோம். பனி கொட்டி, எங்கோ முன்னால் லாரி ஒன்று குறுக்கே திரும்பி, நெடுஞ்சாலை முழுதும் உறைந்து நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் ஓர் அடி நகரவில்லை. ஐந்தாவது ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒன்பதாவது பாட்டு வந்தது. ஒரு பெண் வேலை முடிந்து வந்து, தன் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போகாமல் உட்கார்ந்திருக்கிறாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. அவள் உள்ளே போனாளா இல்லையா என்று பெடியள் சொல்வதில்லை. மெதுவான, பெரிதாக யாரும் விரும்பாத பாட்டு. அது வரும்போதெல்லாம் அக்கா பேச்சை நிறுத்திவிடுவார் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

“இதுதான் அதில இல்லை” என்றார்.

பிறகு அவராகச் சொன்னார். அவருக்கு ஸ்ரௌவ்வில்லில் ஒரு வீடு இருந்தது. புது வீடு, நாலு அறை, இரட்டைக் கராஜ். கணவரும் இருந்தார். நான் அதுவரை அவரை விதவை என்றோ கல்யாணமாகாதவர் என்றோ ஏதோ நினைத்திருந்தேன், கேட்டதில்லை. கணவர் கெட்டவர் இல்லையாம். குடி இல்லை, கை நீட்டியதில்லை. கலகலப்பான மனிதர், எந்த விருந்துக்குப் போனாலும் அவரைச் சுற்றித்தான் ஆட்கள். கொழும்பில் உறவினர் வீட்டில் மூன்று நாள் பழகிப் பார்த்துத்தான் அக்கா சம்மதித்தார்.

“அவரோட மூண்டு நாள் இருந்தால் நீரும் கட்டியிருப்பீர்” என்று சிரித்தார்.

வீட்டுக்குள் வந்தால் அந்த மனிதர் பேசமாட்டார். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, சண்டையும் கிடையாது. ஏதாவது மனத்தாங்கல் என்றால் வாரக்கணக்கில் வாயைத் திறக்கமாட்டார். என்ன மனத்தாங்கல் என்பதையும் சொல்லமாட்டார். ஒரு தடவை முழுத் தவக்காலமும் ஒரு சொல் இல்லாமல் போனதாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மட்டும் அந்த முகம் விரியும், கதை தொடங்கும். பெண்கள் அக்காவிடம் வந்து, உங்கள் வீட்டில் எப்போதும் சிரிப்பாகத்தான் இருக்கும் என்பார்கள்.

ஒருநாள் மாலை வேலை முடிந்து வந்து வாசலில் காரை நிறுத்தியிருக்கிறார். முன் ஜன்னல் வழியே கணவர் தெரிந்தார். யாருடனோ தொலைபேசியில், கையை ஆட்டி ஆட்டி, வயிறு குலுங்கச் சிரித்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் அந்த முகம் அணைந்துவிடும் என்று அக்காவுக்குத் தெரியும். அணைவதை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமா என்று யோசித்தாராம். நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கணவர் ஒரு தடவை ஜன்னல் பக்கம் வந்து, கார் நிற்பதைப் பார்த்துவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தன் பேச்சைத் தொடர்ந்தார். அக்கா காரைப் பின்னால் எடுத்தார். நேரே வெக்ஸ்போர்டில் தங்கை வீட்டுக்குப் போனார். பிறகு திரும்பிப் போகவே இல்லை.

அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அப்படிச் செய்தீர்களா என்று கேட்டேன். அக்கா இல்லை என்று தலையாட்டினார். அந்த ஆல்பம் வந்தது இரண்டு வருடம் கழித்து. “பெடியள் பிந்தித்தான் வந்தவங்கள்” என்றார்.

வெளியே பனி கண்ணாடியை மூடிக்கொண்டிருந்தது. கனத்தைக் குறைக்க நினைத்து அசட்டுத்தனமாக ஒன்று சொன்னேன்.

“டிராக்டர் பாட்டையே தாண்ட விடமாட்டீங்க. அவரை மட்டும் பாதியில விட்டுட்டீங்களேக்கா.”

அக்கா கோபிக்கவில்லை. வைப்பரை ஒரு முறை ஓடவிட்டு, முன்னால் நின்ற லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி சொன்னார்.

“பாதியில விடேல்லை தம்பி. பதினாறு வருசம் முழுக்கக் கேட்டனான். முடிஞ்சுது.”

அதற்குப் பிறகு அந்தத் தொகுப்பைப் பற்றி எங்கள் காரில் யாரும் வாதாடவில்லை. செல்வராசா அண்ணைக்கு நான் எதையும் சொல்லவில்லை, அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மேலும் அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது. அவருடைய மகள் மதுராவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. மதுரா இங்கேயே பிறந்தவள், மருந்துக்கடையில் வேலை. மாப்பிள்ளை கஜன், ஏழு வயதில் இங்கே வந்தவன், விமானப் பாகங்கள் செய்யும் நிறுவனத்தில் பொறியியலாளன். அண்ணை ஒரு வாரம் முழுக்கக் காரில் அவன் புகழ் பாடினார். உணவகத்தில் கதவைத் திறந்து பிடித்தது, அண்ணையின் மனைவிக்கு நாற்காலி இழுத்துப் போட்டது, தேவாரம் தெரிந்திருந்தது. அக்கா எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டுவிட்டு, எத்தனை தடவை பார்த்தீர்கள் என்றார். இரண்டு தடவை.

“காலமையில ஆள் எப்பிடி?”

காலையில் ஆள் எப்படி இருப்பான் என்ற அந்தக் கேள்வி அண்ணைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அக்கா விளக்கினார். அவன் வேலை செய்யும் இடம் நம் கிடங்கிலிருந்து பத்து நிமிடம். காரில் ஓர் இடம் சும்மா இருக்கிறது. மூன்று வாரம் நம்மோடு வரட்டும். அண்ணை பதறிப்போனார். மாப்பிள்ளையைச் சந்தையில் மாடு பார்ப்பது போலப் பார்ப்பதா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார். வீட்டில் போய்ப் பொருமியிருக்கிறார். மதுராதான் அவரை மடக்கியவள். அப்பா, லெட் ஹர், அவ பார்க்கட்டும், எனக்கும் தெரியோணும் என்றாளாம். அதோடு நிற்காமல், இது சோதனை என்று அவளே கஜனுக்குத் தொலைபேசியில் சொல்லியும்விட்டாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கஜன் பிளாசாவில் நின்றான். தலை வாரவில்லை. முன் இருக்கையை அவனுக்கு விட்டுக்கொடுத்து நான் பின்னால் போனேன். காலை வணக்கம் சொன்னதற்கு ஒரு உறுமல் வந்தது. அக்கா சிலுவை போட்டுப் பாட்டைப் போட்டார். அன்றைக்கு மூன்றாவது ஆல்பம். ஏழாவது பாட்டு வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், டிராக்டரிடம் இரண்டாம் தடவை மன்னிப்புக் கேட்கப்பட்டபோது வாயைத் திறந்தான். உந்தப் பாட்டை மாற்றலாமா என்றான். ஏலாது என்றார் அக்கா. அப்ப நான் நித்திரை கொள்ளுறன் என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே தூங்கினான். விமான நிலையம் வரைக்கும் குறட்டை. பின்னால் அண்ணை தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரமும் இப்படித்தான். சில நாள் காதில் பஞ்சு. சில நாள் முணுமுணுப்பு. இரண்டாவது வாரம் ஒரு மழைக்காலையில் டயர் வெடித்தது. சாலையோரத்தில் கஜன்தான் இறங்கி, நனைந்துகொண்டே மாற்றினான், மாற்றி முடிக்கும் வரை ஒரே ஏச்சு. இப்படித் தேய்ந்த டயரில் நாலு பேரை ஏற்றி ஓடுவது சரியான பிழை என்றான். மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற அண்ணை குடையோடு போய் நைசாக ஏதோ பாராட்டப் போக, வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொல்லி அவர்மேலும் எரிந்து விழுந்தான். மறுநாள் காலை நாலு காப்பியோடு வந்தான். அண்ணையிடம் ஒன்றை நீட்டி, “நேற்று உங்களோட கத்தினது பிழை, அங்கிள்” என்றான். டயரைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

கடைசி நாள் மாலை அவனை இறக்கிவிடும்போது அக்கா கேட்டார், இது சோதனை என்று தெரிந்துமா இப்படி இருந்தீர் என்று. அவன் தோள்பையை மாட்டிக்கொண்டே சொன்னான்:

“டெஸ்ட் எண்டு தெரியும் அன்ரி. ஆறு மணிக்கு எனக்கு நடிக்க வராது.”

கார் நகர்ந்ததும் அண்ணை முன்னுக்குச் சாய்ந்தார். அந்த வாரம் முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று நினைக்கிறேன். பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அக்காவின் வாயிலிருந்து கேட்கும் நிலைக்கு அவரே வந்துவிட்டிருந்தார்.

“என்ன சொல்லுறீர் தங்கச்சி?”

“குடுங்கோ.”

“உந்தக் கோபம்?”

அக்கா பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். நான் பார்த்து அவர் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான்.

“கோபம் எங்களுக்கு முன்னாலதான் வந்தது, அடுத்த நாள் போயிட்டுது. உங்கட பிள்ளை இவரோட சண்டை பிடிக்கலாம் அண்ணை. அது பெரிய விசயம்.”

அண்ணை சாய்ந்து உட்கார்ந்தார். கென்னடி சாலைக்கு வெளியேறும் வழி வரைக்கும் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அக்கா இப்போது இங்கே இல்லை. கிடங்கை வேறு ஊருக்கு மாற்றியபோது, தங்கை குடும்பத்தோடு மேற்கே கல்கரிப் பக்கம் போய்விட்டார். நான் உரிமம் எடுத்து, கார் வாங்கி, ஊரிலிருந்து மனைவியையும் கூட்டி வந்து, இப்போது பிள்ளைகளோடு அதே 401-இல் ஊர்ந்துகொண்டிருக்கிறேன். எங்கள் காரில் போன்தான் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. பிள்ளைகள் பத்து வினாடிக்கு மேல் எதையும் ஓடவிடுவதில்லை. நான் ஒன்றும் சொல்வதில்லை, எனக்கு அக்காவின் பொறுமை வராது. எப்போதாவது அவரோடு தொலைபேசியில் பேசினால் ஒரு மணி நேரமாகும். பேசுவது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும்.

மதுராவின் கல்யாணத்தைச் சொல்லி முடிக்கிறேன். மார்க்கமில் ஒரு பெரிய மண்டபம், ஐந்நூறு பேர். கஜன் மத்தியான முகூர்த்தம் என்பதால் முகமலர்ச்சியோடு இருந்தான். கிடங்கு ஆட்கள் எல்லோரும் ஒரு மேசை. அக்கா நீலப் பட்டுச் சேலையில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். சாப்பாடு முடிந்து, ஐஸ்கிரீம் வந்துகொண்டிருந்தபோது, எங்களுக்குப் பின்னாலிருந்த மேசையில் சிரிப்பு வெடித்தது. திரும்பிப் பார்த்தேன். சாம்பல் நிறக் கோட்டில் ஒருவர், கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற மேசைக்காரர்களும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அங்கே போனார்கள். செல்வராசா அண்ணை வெளிறிய முகத்தோடு எங்களிடம் வந்து, அந்த ஆளைத் தான் அழைக்கவில்லை, மாப்பிள்ளை வீட்டார் வழியில் வந்திருக்கிறார், வேண்டுமானால் இடம் மாறி உட்காருங்கள் என்று அக்காவின் காதில் சொன்னார். அப்போதுதான் எனக்கு அவர் யாரென்று விளங்கியது. அக்கா, வேண்டாம் அண்ணை, ஐஸ்கிரீம் வருகிறது என்றார்.

அக்கா அந்தப் பக்கம் முதுகைக் காட்டியபடியே இருந்தார். கதை எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. கனடாவில் அந்த மனிதரின் முதல் வேலை ஒரு ரொட்டிப் பேக்கரியில். மூன்றாம் நாள் முதலாளி வந்து ‘டேக் ஃபைவ்’ என்றாராம். ஐந்து நிமிடம் ஓய்வெடு என்பதுதான் அதற்கு அர்த்தம். இவருக்கு அது தெரியாது. இந்த நாட்டில் எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நெகிழ்ந்து, ஐந்து ரொட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் முதலாளி கூப்பிட்டார். ரொட்டி எங்கே என்று கேட்டார். இவர் கண்கலங்கி, வீட்டில் எல்லோரும் உங்களை வாழ்த்தினார்கள் ஐயா என்றாராம்.

முதலாளியின் முகத்தை அவர் நடித்துக் காட்டினார். குரலை ஏற்றினார், இறக்கினார், சரியான இடத்தில் நிறுத்தினார். என்னையறியாமல் என் வாய் விரிந்தது. பக்கத்தில் பார்த்தேன். அக்காவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறார் என்று ஒரு கணம் பயந்தேன். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். கதை எங்கே போகிறது என்று தெரிந்தவர் என்பதால், மண்டபம் சிரிப்பதற்கு ஒரு நொடி முந்தியே சிரித்துவிட்டார். கண்ணோரத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டார்.

“நல்லாச் சொல்லுறார், என்ன?” என்றார்.

“ஓம்” என்றேன், ‘ஆமாம்’ என்பதற்கு இவர்கள் சொல்வது போல. கனடாவுக்கு வந்து அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பின் மேசையில் அந்த மனிதர் அடுத்த கதையைத் தொடங்கினார். அக்கா ஐஸ்கிரீமைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கிண்ணம் காலியாகும் வரை நிதானமாகச் சாப்பிட்டார்.